மின்சாரத்துக்கும் உண்டு ‘சேஹாலா’

ஜார்ஜ்டவுன் நகருக்குள் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு ‘ஜாலான் சேஹாலா’ பலகையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய நகரம், குறுகலான தெருக்கள். இரண்டு பக்கமும் வண்டி வந்தால் முட்டிக்கொள்ளும். அதனால் பல தெருக்களை ஒருவழியாக்கி விட்டார்கள். அம்புக்குறி காட்டும் திசையில் தாராளமாகப் போகலாம். எதிர்த்திசையில் நுழைந்தால் சம்மன்தான்.

மின்சாரத்துக்கும் இப்படி ஓர் ஒருவழிச் சாலை உண்டு. அதன் பெயர் டையோடு. அரிசியை விடச் சற்றே பெரிய ஒரு கறுப்பு உருளை, அதன் இரு முனையிலும் ஒவ்வொரு கம்பி. ஒரு பக்கத்திலிருந்து வரும் மின்சாரத்தை விடும். மறுபக்கத்திலிருந்து வந்தால் தடுக்கும். அதன் வேலை அவ்வளவுதான்.

ஆனால், இந்தச் சின்ன வேலை இல்லாவிட்டால் உங்கள் கைப்பேசிக்கு சார்ஜ் ஏறாது, தொலைக்காட்சி ஓடாது, வீட்டு எல்இடி விளக்கு எரியாது. பினாங்குக்காரர்களுக்கு இன்னும் நெருங்கிய ஓர் உறவும் இதனோடு உண்டு. நம் குடும்பங்களில் எத்தனையோ அம்மாக்களும் அத்தைகளும் பாயான் லெப்பாஸில் தங்கள் இளமைக் காலத்தைச் செலவிட்டது இந்த டையோடையும் அதன் உறவுக்காரப் பொருள்களையும் செய்வதில்தான். அதற்குப் பிறகு வருவோம். முதலில் டையோடைப் புரிந்துகொள்வோம்.

ஏன் வேண்டும் ஒருவழி?

நம் வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கிற்கு வரும் மின்சாரம் ஒரே திசையில் ஓடுவதில்லை. முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே இருக்கிறது. மலேசியாவில் விநாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு ஒருமுறை முன்னே, ஒருமுறை பின்னே. அதாவது விநாடிக்கு 100 முறை திசை மாறுகிறது. இதை மாறுதிசை மின்னோட்டம் என்பார்கள். வெகுதூரம் கொண்டுவர இது வசதியானது. மின்விசிறிக்கும் அரிசி குக்கருக்கும் இது போதும்.

ஆனால் மின்கலத்துக்கு இது ஒத்துவராது. கைப்பேசியின் பேட்டரியை நிரப்ப வேண்டுமானால் மின்சாரம் ஒரே திசையில் உள்ளே போக வேண்டும். முன்னும் பின்னும் ஆடினால், ஊற்றிய தண்ணீரை உடனே உறிஞ்சி எடுத்த கதைதான். கணினிச் சில்லுகளுக்கும் நேர்திசை மின்சாரம்தான் வேண்டும்.

இங்கேதான் டையோடு வருகிறது. ஒரே ஒரு டையோடை வழியில் வைத்தால் முன்னே வரும் பாதி கடந்து போகும், பின்னே போகும் பாதி நின்றுவிடும். பாதி மின்சாரம் பயன்படாமல் போகிறதே என்று நினைத்த பொறியியலாளர்கள், நான்கு டையோடுகளைச் சதுரமாக இணைத்தார்கள். மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும், நான்கில் இரண்டு வழிவிடும், மற்ற இரண்டு மறிக்கும். எப்படி வந்தாலும் வெளியே போவது ஒரே வாசல் வழியாகத்தான். இதற்கு ‘பிரிட்ஜ்’ என்று பெயர்.

அப்படி வெளியே வருவது ஒரே திசையில் வந்தாலும், சீராக வராது. விட்டுவிட்டு, விநாடிக்கு 100 துடிப்பாக வரும். பக்கத்தில் ஒரு மின்தேக்கியை வைத்தால், அது வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டிபோல வாங்கிச் சேர்த்துவைத்துச் சீராகத் தரும். உங்கள் கைப்பேசி சார்ஜருக்குள் முதலில் நடக்கும் வேலை இதுதான். ஓர் எச்சரிக்கை: அந்தத் தொட்டியில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது அப்படியே இருக்கலாம். பழுதான சார்ஜரைப் பிள்ளைகள் திறந்து பார்க்க விடாதீர்கள்.

உள்ளே என்ன இருக்கிறது?

உள்ளே கதவும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. இருப்பது ஒரு துண்டு சிலிக்கன். கடற்கரை மணலில் ஆக்சிஜனோடு கலந்திருக்கும் அதே தனிமம். தூய சிலிக்கன் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது, முற்றிலும் தடுக்கவும் செய்யாது. அதனால்தான் அதைக் குறைகடத்தி என்கிறோம்.

ஒவ்வொரு சிலிக்கன் அணுவுக்கும் வெளிவட்டத்தில் 4 எலக்ட்ரான்கள். அக்கம்பக்கத்து அணுக்களோடு கைகோர்த்து எல்லாம் நிறைந்து நிற்கும். ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லா நாற்காலியும் நிரம்பி, யாரும் அசைய இடமில்லாமல் இருப்பதுபோல.

இதில் ஒரு சிட்டிகை பாஸ்பரஸைக் கலக்கிறார்கள். பாஸ்பரஸுக்கு 5 எலக்ட்ரான்கள். நான்குக்கு இடம் கிடைத்துவிடும், ஐந்தாவதற்கு நாற்காலி இல்லை. அது நடைபாதையில் அலையும். இப்படிப்பட்ட சிலிக்கனுக்கு ‘என்’ வகை என்று பெயர்.

இன்னொரு பக்கத்தில் போரான் கலக்கிறார்கள். போரானுக்கு 3 எலக்ட்ரான்கள்தான். ஒரு நாற்காலி காலியாக இருக்கும். பக்கத்தில் இருப்பவர் அதில் நகர்ந்து உட்கார்ந்தால், அவருடைய பழைய நாற்காலி காலியாகும். அதற்கு அடுத்தவர் அங்கே நகர்வார். ஆட்கள் இடப்பக்கம் நகர நகர, காலி நாற்காலி வலப்பக்கம் போவதுபோலத் தெரியும். இந்தக் காலி இடத்துக்குத் துளை என்று பெயர். துளைகள் நிறைந்த சிலிக்கன் ‘பி’ வகை.

ஒரே துண்டில் ஒரு பாதி ‘பி’, மறு பாதி ‘என்’. இரண்டும் சந்திக்கும் எல்லையில்தான் விஷயமே இருக்கிறது. எல்லையோரம் அலைந்த எலக்ட்ரான்கள் அந்தப் பக்கத்துக் காலி நாற்காலிகளில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் எல்லையில் நடமாட்டமே இல்லாத ஒரு மெல்லிய பட்டை உண்டாகிறது. அதோடு, இந்தப் பக்கம் எலக்ட்ரானை இழந்து நேர்மின்னாகவும், அந்தப் பக்கம் பெற்று எதிர்மின்னாகவும் ஆகிவிடுவதால், மேற்கொண்டு வருகிறவர்களைத் தடுக்கும் ஒரு சுவர் எழுகிறது.

இப்போது பேட்டரியின் நேர்முனையை ‘பி’ பக்கமும், எதிர்முனையை ‘என்’ பக்கமும் இணைத்தால், இரு பக்கத்து ஆட்களும் எல்லையை நோக்கித் தள்ளப்படுவார்கள். தள்ளுகிற வேகம் ஏறத்தாழ 0.6 அல்லது 0.7 வோல்ட்டைத் தொட்டதும் சுவர் தாழ்ந்து, மின்சாரம் பாய்கிறது. மாற்றி இணைத்தால்? எலக்ட்ரான்களும் துளைகளும் எல்லையை விட்டு விலகி ஓடும். பட்டை இன்னும் அகலமாகும், சுவர் இன்னும் உயரும். மின்சாரம் கிட்டத்தட்ட நின்றே போகும். ‘சேஹாலா’ பலகையை மாட்டியது யாரும் அல்ல. அந்தப் பொருளின் இயல்பே அது.

சுவருக்கும் ஓர் அளவு உண்டு. மின்னணுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ‘1என்4007’ என்ற டையோடு முன்திசையில் 1 ஆம்பியர் வரை சுமக்கும். பின்திசையில் 1,000 வோல்ட் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் சுவர் உடையும். அதன் உடலில் ஒரு முனையில் வெள்ளி வளையம் இருக்கும். மின்சாரம் வெளியேறும் பக்கம் அது. வளையத்தைப் பார்க்காமல் மாற்றிப் பொருத்தினால், சுற்று வேலை செய்யாது.

இதைக் கண்டுபிடித்தவர் ஒருவரல்ல. 1874இல் ஜெர்மானியர் பெர்டினாண்ட் பிரவுன், சில கனிமப் படிகங்கள் ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதைக் கண்டார். கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், ஈயக் கனிமப் படிகத்தைக் கொண்டு வானொலி அலைகளை உணரும் கருவி செய்து 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1940இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரசல் ஓல், விரிசல் விட்ட ஒரு சிலிக்கன் துண்டின்மேல் வெளிச்சம் பட்டதும் மின்சாரம் எழுவதைக் கண்டு வியந்தார். அந்த விரிசலுக்கு இருபுறமும் ‘பி’யும் ‘என்’னும் இருந்தன. இன்று கூரைகளில் நாம் பொருத்தும் சூரியத் தகடும் அடிப்படையில் ஒரு பெரிய டையோடுதான்.

வெளிச்சம் தரும் டையோடு

எல்லையைத் தாண்டி வரும் எலக்ட்ரான் காலி நாற்காலியில் உட்காரும்போது, தன்னிடம் இருந்த ஆற்றலில் ஒரு பங்கை விடுகிறது. சிலிக்கனில் அது பெரும்பாலும் சூடாகவே போய்விடும். ஆனால் காலியம் கலந்த சில கூட்டுப் பொருள்களில் அது ஒளியாக வெளிப்படும். அதுதான் எல்இடி. ஒளி உமிழும் டையோடு என்பதன் சுருக்கம்.

என்ன நிறம் என்பதை அந்தப் பொருள்தான் முடிவு செய்யும். விடும் ஆற்றல் குறைவானால் சிவப்பு, அதிகமானால் நீலம். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை 1962இல் அமெரிக்கர் நிக் ஹோலோன்யாக் செய்து காட்டினார். பிரகாசமான நீலத்துக்கு மேலும் 30 ஆண்டுகள் பிடித்தன. நீலம் கிடைத்த பிறகுதான், அதன்மேல் மஞ்சள் ஒளிதரும் பூச்சைத் தடவி வெள்ளை வெளிச்சம் எடுக்க முடிந்தது. அந்த நீலத்துக்காக அகாசாகி, அமானோ, நக்காமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இதன் பலன் உங்கள் மின்கட்டணத்தில் தெரியும். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தருகிறது. தினம் 5 மணி நேரம் எரிந்தால், மாதத்துக்குப் பழைய பல்பு 9 யூனிட் தின்னும். எல்இடி ஒன்றரை யூனிட்டைக்கூடத் தொடாது. தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைக்குப் போகும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்களில் இரவு முழுக்க ஜொலிக்கிறதே, அத்தனை வண்ண விளக்கும் டையோடுதான்.

‘பல ஆண்டு எரியும் என்று எழுதியிருக்கிறதே, என் வீட்டில் ஒரே ஆண்டில் போய்விட்டதே’ என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அங்கே கெட்டுப்போவது டையோடு அல்ல, அதற்கு மின்சாரம் தரும் சிறு சுற்றுதான். காற்றுப் புகாத மூடிய கூண்டுக்குள் பல்பை வைத்தால் சூடு வெளியேறாது. உள்ளே இருக்கும் மின்தேக்கி சீக்கிரம் காய்ந்து போகும். இன்னொரு காரணமும் உண்டு. பல்புக்குள் பல சிறு எல்இடிகளை மாலைபோல் வரிசையாகக் கோத்திருப்பார்கள். அதில் ஒன்று அறுந்தாலும் முழு மாலையும் அணைந்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் காற்றோட்டமான கூண்டே நல்லது.

பினாங்கும் டையோடும்

இந்தக் கதையில் நம் ஊர் எங்கே வருகிறது?

1960களின் இறுதியில் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வாணிபம் படுத்தது, வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. 1969இல் முதலமைச்சர் பொறுப்புக்கு வந்த துன் டாக்டர் லிம் சொங் இயூ, வெளிநாட்டுத் தொழிற்சாலைகளை அழைத்தார். 1972இல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் தடையற்ற வாணிப வட்டாரம் திறந்தது. தொடக்கத்தில் வந்த எட்டு நிறுவனங்களை ‘எட்டு சாமுராய்கள்’ என்று இன்றும் சொல்வார்கள்: இன்டெல், ஏஎம்டி, ஹியூலட் பெக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரோனிக்ஸ், ஹித்தாச்சி, கிளாரியன், போஷ்.

இவற்றில் லிட்ரோனிக்ஸ் என்பது எல்இடி செய்யும் நிறுவனம். சிவப்பு எல்இடி பிறந்து பத்தே ஆண்டுகளில் அது பினாங்குக்கு வந்துவிட்டது. அந்தத் தொழில் பின்னர் சீமென்ஸ் கைக்கும், அதன்பின் ஓஸ்ராம் கைக்கும் மாறியது. ஹியூலட் பெக்கார்டும் இங்கே எல்இடி செய்தது. அந்த மரபில் வந்த லுமிலெட்ஸ் பாயான் லெப்பாஸில் இருக்கிறது. ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு காரின் விளக்கில் எரியும் டையோடு நம் தீவிலிருந்து போனதாக இருக்கலாம்.

அந்தத் தொழிற்சாலைகளின் உற்பத்திப் பிரிவில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். தமிழ்க் குடும்பத்துப் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். பாலம் 1985இல்தான் திறந்தது. அதற்கு முன் பெருநிலத்திலிருந்து வந்தவர்கள் பட்டர்வொர்த் ஃபெரியில் ஏறி, இறங்கி, கம்பெனி பஸ் பிடித்து, ‘ஷிப்ட்’ தொடங்குமுன் போய்ச் சேர வேண்டும்.

அங்கே அவர்கள் செய்த வேலை எளிதானதல்ல. கடுகை விடச் சிறிய சில்லை அதன் இருக்கையில் ஒட்ட வேண்டும். பிறகு நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் ஒரு முனையிலிருந்து வெளிக்காலுக்கு இழுத்து இணைக்க வேண்டும். கை நடுங்கினால் அந்தச் சில்லு குப்பைக்குத்தான். மணிக்கணக்கில் நுண்ணோக்கியைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிச்சலும் தலைவலியும் பழகிப்போயின. அந்தச் சம்பளத்தில் தம்பி படித்தான், அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது, மலிவுவிலை வீட்டுக்கு முன்பணம் கட்டப்பட்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ‘என்ன வேலை?’ என்று கேட்டால், ‘எலெக்ட்ரோனிக் ஃபேக்டரியில்’ என்பதோடு பதில் பெரும்பாலும் முடிந்துவிடும். எந்தப் பாகம், அது என்ன செய்கிறது, அந்தக் கம்பி ஏன் அங்கே போகிறது என்று உற்பத்திப் பிரிவில் உட்கார்ந்தவருக்கு விளக்கிச் சொல்ல யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. கைக்கு வேலை தெரிந்திருந்தால் போதும் என்ற காலம் அது.

இனி கை மட்டும் போதாது

அந்தக் காலம் போய்விட்டது. அன்று கையால் இழுத்த கம்பியை இன்று இயந்திரம் இழுக்கிறது. இயந்திரத்தைச் சரிசெய்யவும், ஏன் பழுது வருகிறது என்று கண்டுபிடிக்கவும், அடுத்த சில்லை வடிவமைக்கவும்தான் ஆள் தேவை. உலகில் நடக்கும் சில்லு பொருத்தல், சோதனை, உறையிடல் பணிகளில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. 2024 மே மாதம் அரசாங்கம் அறிவித்த தேசியக் குறைகடத்தி வியூகம், 60,000 பொறியியலாளர்களைப் பயிற்றுவிக்க இலக்கு வைத்திருக்கிறது.

அந்த 60,000 பேரில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? நம் வீடுகளில் பேச வேண்டிய கேள்வி இது. 1972இல் கதவு திறந்தபோது நம் பெண்கள் உள்ளே போனார்கள், உற்பத்திப் பிரிவு வரை. அவர்களின் பேரப்பிள்ளைகள் வடிவமைப்பு அறை வரை போக வேண்டுமானால், ‘எப்படிச் செய்வது’ என்பதோடு ‘ஏன் இப்படி’ என்பதும் தெரிய வேண்டும். அந்த ‘ஏன்’ தொடங்கும் இடங்களில் ஒன்று இந்த டையோடு. டிரான்சிஸ்டரிலும் இதே ‘பி’, ‘என்’ எல்லைகள் உண்டு. அந்த டிரான்சிஸ்டர்கள் கோடிக்கணக்கில் சேர்ந்தால் ஒரு கணினிச் சில்லு.

படிவம் 5 இயற்பியலில் மின்னணுவியல் ஒரு பாடம். ‘டியோட்’ என்று மலாயில் படிப்பதைத் தமிழிலும் பிள்ளைகளோடு பேசலாம். தமிழ்க் கலைச்சொல்லாக ‘இருமுனையம்’ உண்டு; இலங்கைப் பாடநூல்கள் ‘இருவாயி’ என்கின்றன. வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சிறு சோதனையும் இருக்கிறது. 9 வோல்ட் பேட்டரி ஒன்று, சிவப்பு எல்இடி ஒன்று, 390 ஓம் மின்தடை ஒன்று. எல்லாம் சில ரிங்கிட்டுக்குள் முடியும். எல்இடியின் நீளமான கால் நேர்முனைப் பக்கம், குட்டையான கால் எதிர்முனைப் பக்கம். இடையில் எங்காவது மின்தடை. எரியும். இப்போது எல்இடியைத் திருப்பிப் போடுங்கள். எரியாது. மின்தடை ஏன் என்று பிள்ளை கேட்டால்: சிவப்பு எல்இடி 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 7 வோல்ட்டை யாராவது தாங்க வேண்டும். 7 வோல்ட்டை 390 ஓமால் வகுத்தால் 18 மில்லி ஆம்பியர். எல்இடிக்கு அது பாதுகாப்பான அளவு. மின்தடை இல்லாமல் நேராக இணைத்தால் அது சூடேறிக் கருகிவிடும். வீட்டு பிளக்கில் மட்டும் இந்த விளையாட்டே கூடாது.

எஸ்பிஎம் முடித்தபின் என்ன படிப்பது என்று தேடுகிறவர்களுக்கும் பக்கத்திலேயே வழிகள் உண்டு. 1989 முதல் இயங்கும் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம், செபராங் பிறை பாலிடெக்னிக், நிபோங் திபாலில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் ஆகியவை அவற்றில் சில. விண்ணப்பத் தேதிகளையும் தகுதியையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். முடிவு வந்தபிறகு ஓடினால் இடம் கிடைக்காமல் போகலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, பாயான் லெப்பாஸிலோ பிறையிலோ வேலை செய்து ஓய்வுபெற்ற பாட்டியோ அத்தையோ உங்கள் வீட்டில் இருந்தால், அந்த எல்இடியை அவர் கையில் கொடுங்கள். உள்ளே கம்பி எங்கே போகிறது, அதை எப்படி இழுத்தார்கள் என்று அவர் சொல்லட்டும். அது ஏன் எரிகிறது என்று பேரப்பிள்ளை அவருக்குச் சொல்லட்டும்.